அக்காவின் கைகளோடு வேளாங்கண்ணியில்

எங்கள் வீட்டு போட்டோக்களில் அக்காவின் கைகள் இருக்காது. கடந்த ஆறு வருடங்களில் எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவை முந்தானைக்குள் ஒளிந்திருக்கும். அவளுக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய் அது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, மடங்கினால் நீளாது. தண்ணீர்ச் சொம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளை ஒரு குணமளிக்கும் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஜெபித்தவர் அவள் தலைமேல் கைவைத்து, "இப்போது விரலை நீட்டு" என்றார். அவளால் நீட்ட முடியவில்லை. இன்னும் சத்தமாக ஜெபித்துவிட்டு மறுபடியும் நீட்டச் சொன்னார். வலியில் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கடைசியில், "விசுவாசம் குறைவாக இருக்கிறது சகோதரி" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா தனக்காக ஜெபிப்பதை விட்டுவிட்டாள். ஜெபமாலையை விடவில்லை. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர்களுக்காக ஒப்புக்கொடுத்து ஜெபிப்பாள். ஆனால் தன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். நோயைவிட அதுதான் என்னை அதிகமாக வதைத்தது. அதனால்தான் வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவளே, "சரி, வரேன். ஆனா அங்க யாரும் என்னை விரலை நீட்டச் சொல்லக் கூடாது" என்றாள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை அங்கே நிற்க இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தில் அவளைக் கொண்டுபோக முடியாது என்பதால் பிப்ரவரி 11-ஐ ஒட்டிப் போனோம். அது லூர்து மாதாவின் திருநாள். உலக நோயாளர் நாளும் அதுவே. 1992-ல் அந்த நாளை ஏற்படுத்தியவர் திருத்தந்தை (போப்பாண்டவர்) 2-ஆம் யோவான் பவுல். பின்னாளில் பார்க்கின்சன் நோயால் நடுங்கிய அவருடைய கையையே உலகம் பார்த்தது. இதைச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானைக்குள் கையைச் சற்று மாற்றி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நாகப்பட்டினத்தில் இறங்கி பஸ்ஸில் போனோம். வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்ததும் பஸ்ஸில் பாதிப்பேர் சிலுவை அடையாளம் போட்டார்கள். சேலை உடுத்திக் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிற ஆரோக்கிய மாதாவின் முன் அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் மெழுகுவர்த்தி வாங்கி வந்தேன். அவள் அதை உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்தாள். மெழுகு வழிந்து மணிக்கட்டில் விழுந்தது. துடைத்துவிட நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டு, "இருக்கட்டும்" என்றாள்.

பேராலயத்துக்குப் பின்னால் மாதா குளம் நோக்கி ஒரு மணல் பாதை போகிறது. நேர்ச்சை வைத்தவர்கள் அதில் முழங்காலால் நடப்பார்கள். அக்காவால் முட்டி போட முடியாது, அதனால் அவளுக்காக நான் போட்டேன். அவள் என் தோளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தாள். பத்தடி போவதற்குள் மணல் முழங்காலில் ஏறி எரியத் தொடங்கியது. எனக்கு நினைவிருப்பது அந்த எரிச்சலைவிடத் தோள்மேல் இருந்த கனம்தான். அவளுடைய விரல்களால் இறுக்கிப் பிடிக்க முடியாததால் கையை முழுசாக என்மேல் சாய்த்திருந்தாள். நான் வேகமாகப் போனால் கை நழுவும். அவள் நடைக்கு ஏற்றபடிதான் நான் முட்டி போட முடிந்தது.

மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் உடல் முடங்கிப்போன ஒருவரை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு "அவர்களுடைய நம்பிக்கையை" கண்டார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. படுத்திருந்தவரின் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட இல்லை. அவருக்கு விசுவாசம் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்து பார்க்கவும் இல்லை. எத்தனையோ முறை கேட்ட வசனம்தான். ஆனால் மணலில் முட்டி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

அப்புறம், மாதா காட்சி தந்த இடம் என்று சொல்லப்படும் நடுத்திட்டுக்குப் போனோம். அக்கா வாய்திறந்து பேசியது அங்கேதான்.

நடுத்திட்டின் கதை தெரியாத வேளாங்கண்ணி பக்தர் இருக்க மாட்டார். ஏழை விதவையின் மகன், பிறவியிலேயே நடக்க முடியாதவன், ஆலமரத்தடியில் உட்கார்ந்து வழிப்போக்கர்களுக்கு மோர் விற்றுக்கொண்டிருந்தான். குழந்தையோடு வந்த ஓர் அம்மா மோர் கேட்டாள், கொடுத்தான். நாகப்பட்டினத்தில் இருக்கிற இன்ன பெரியவரிடம் போய், எனக்கு இங்கே ஒரு கோயில் கட்டச் சொல் என்றாள். அவன் எழுந்தான், ஓடினான். கால் சரியாகிவிட்டது என்பதே ஓடும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. வழிவழியாக வரும் மரபு இப்படித்தான் சொல்கிறது. அந்த இடத்தில் எழுந்த கூரைக் கோயிலின் தொடர்ச்சியாக வளர்ந்ததைத்தான் 1962-ல் திருத்தந்தை 23-ஆம் யோவான் பேராலயமாக உயர்த்தினார்.

அக்கா சொன்னாள்: "அந்தப் பையன் சுகம் கேட்கவே இல்ல, கவனிச்சியா? மோர் கொடுத்தான். சொன்ன வேலையைச் செய்யப் போனான். அவ்வளவுதான். அவன்கிட்ட யாரும் உனக்கு விசுவாசம் இருக்கான்னு கேட்கல."

சின்ன வயதிலிருந்து கேட்ட கதையில் நான் இதைக் கவனித்ததே இல்லை. யோவான் நற்செய்தியில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் குளக்கரையில் கிடந்தவரும் அப்படித்தான். தன்னைக் குணமாக்கியது யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. இதையெல்லாம் படித்த பிறகும், நோயாளியைப் பார்த்து உன் விசுவாசம் போதாது என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்? சுமக்க முடியாமல் வந்தவர் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதுதான் அது. இன்றைக்கும் எனக்கு அதில் ஆற்றாமை இருக்கிறது.

பிரான்சின் லூர்து நகரில் 1858-ல் மாதாவைக் கண்ட பெர்னதெத்துக்கு ஆஸ்துமா. அவர் தோண்டிய ஊற்றின் தண்ணீரால் எத்தனையோ பேர் சுகம் பெற்றார்கள். அவரோ நோயிலேயே வாழ்ந்து 1879-ல் 35 வயதில் இறந்தார். திருச்சபை அவரைப் புனிதராக்கியது. அவருடைய நம்பிக்கை குறைவு என்று சொல்லத் துணிகிறவர் யார்?

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அக்காவுக்கு, எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் கொடுக்கும்படி ஒரு ஃபாதரிடம் கேட்டோம். முன்பெல்லாம் இதை அவஸ்தைப் பூசுதல் என்பார்கள். சாகப் போகிறவருக்குத்தான் என்ற பயம் எங்கள் அம்மாவுக்கு இன்னும் உண்டு. உண்மையில் யாக்கோபு திருமுகம் 5-ஆம் அதிகாரம், நோயுற்றவர் எவரும் திருச்சபையின் மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி இறைவேண்டல் செய்யச் சொல்லலாம் என்றுதான் சொல்கிறது. நெற்றியிலும் இரண்டு கைகளிலும் பூச வேண்டும். அக்காவுக்கு அது தெரியாது. நெற்றியில் பூசிவிட்டு, கைகளுக்காக ஃபாதர் காத்து நின்றார். முந்தானைக்குள்ளிருந்து அவை மெதுவாக வெளியே வந்தன. பாதி மடங்கிய விரல்கள், வீங்கிய கணுக்கள். ஃபாதர் விரிக்கச் சொல்லவில்லை. தன் இடக்கையை அடியில் கொடுத்து அவள் கையைத் தாங்கிக்கொண்டார். மடங்கிய விரல்களுக்கு உள்ளே தன் பெருவிரலை நுழைத்து, எட்டிய இடத்தில் சிறியதாக ஒரு சிலுவை வரைந்தார். அடுத்த கையிலும் அப்படியே. கிளம்பும்போது, "மாத்திரையை நிறுத்திடாதீங்கம்மா" என்றார்.

அன்று ஞாயிறு. மூட்டு நோய்க்காக வாரம் ஒருமுறை போடுகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு அதுதான் நாள். கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் நோயாளியை மன்றாடச் சொல்கிறது. கூடவே மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று. மாத்திரையை விழுங்கிவிட்டு, "இன்னிக்கு எனக்காகவும் கேட்டேன்" என்றாள் அக்கா. என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

விரல்கள் நீளவில்லை. ஊருக்குக் கிளம்பிய காலையிலும் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டது நான்தான். காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் இடத்தில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் யாரோ நன்றி சொல்ல வைத்துப்போனது. அக்கா பொறாமையில்லாமல் பார்த்தாள். ஒரு சின்னக் கால் முன்னால் நின்று, "குழந்தைக் கால்" என்றாள்.

திரும்பும் ரயிலில் எதிர் சீட்டில் நாலைந்து வயதுப் பையன் ஒருவன். மடியில் கிடந்த அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவை முந்தானைக்கு வெளியே இருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

"உங்க விரல் ஏன் இப்படி இருக்கு?" என்றான். அவன் அம்மா சட்டென்று அதட்டினாள்.

"கேட்கட்டும் விடுங்க," என்ற அக்கா கையை அவன் பக்கம் நீட்டினாள். "இதுக்கு உடம்பு சரியில்ல."

"வலிக்குதா?"

"வலிக்குது."

அவன் சீட்டிலிருந்து இறங்கி வந்து, இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப ஊதினான்.