முழு வட்டம்

டப்ளினில் ஒரு சர்வே நிறுவனத்தில் சேர்ந்த நான்காவது வாரம் அது. வெளியே டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியோடு அலைகிறவர்கள் அளந்து அனுப்புவதை உள்ளே உட்கார்ந்து ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் படமாக்குவது என் வேலை. லிஃபி ஆற்றின் தென்கரையில், எசெக்ஸ் கீ என்ற கரையோரத் தெருப் பக்கம் கழிவுநீர்க் குழாய் போட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மண்ணைத் தொடும் முன் பழைய நகர மதில் எந்த வழியாகப் போகிறது என்று படத்தில் காட்டச் சொன்னார்கள். மதிலின் வடகிழக்கு மூலையில் ஒரு வட்டக் கொத்தளம் இருந்ததாம். பெயர் இசோல்டே கோபுரம்.

13ஆம் நூற்றாண்டில் கட்டியது. போடில் என்ற சிற்றாறு லிஃபியில் வந்து விழும் முனையில், படகில் வருகிற எதிரியைப் பார்த்து நின்றிருக்கிறது. பெயர் மட்டும் டிரிஸ்டன் என்ற பழைய ஐரோப்பியக் காதல் கதையில் வரும் ஐரிஷ் இளவரசியினுடையது. அவளுக்கும் இந்தக் கல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1670களில் பக்கத்திலேயே ஆற்றுக்குப் பாலம் வந்தது, கரையில் துறைகளும் வீடுகளும் பெருகின. மதிலுக்கு வேலை இல்லாமல் போக, கொத்தளத்தையும் இடித்துவிட்டார்கள். அப்புறம் முந்நூறு வருடங்களுக்கு மேல் அது மண்ணுக்குள்தான். 1993இல் புதுக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது அடிப்பகுதி வெளியே வந்தது.

நான் செய்தது இதுதான். ஜான் ஸ்பீட் என்பவரின் 1610ஆம் ஆண்டு டப்ளின் வரைபடத்தை ஸ்கேன் செய்து இன்றைய படத்தின் மேல் போட்டேன். அது அளந்து போட்ட படமில்லை. வீடுகளும் கோபுரங்களும் சின்னச் சின்னச் சித்திரங்களாக நிற்கும். இழுத்து, திருப்பி, கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தை வைத்து ஒருவழியாகப் பொருத்தினேன். மூலையில் கர்சரை வைத்து சர்க்கிள் கமாண்ட், ஒரு ஆரம், என்டர். தடித்த கோட்டில் அழகான முழு வட்டம். பெயரையும் எழுதிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

படத்தைச் சரிபார்த்த மூத்தவர் அந்த வட்டத்தில் விரலை வைத்து, "இதை யார் பார்த்தது?" என்றார். எனக்குப் புரியவில்லை. பழைய மேப்பில் இருக்கிறதே என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, மதியம் சாப்பாட்டு நேரத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரீட் லோயரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். தெருவோரம் இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்குப் பின்னால் கீழே இருட்டு. கண் பழகச் சற்று நேரம் ஆனது. ஈரத்தில் கறுத்த கல் வரிசை ஒன்று வளைந்து போய்க் கட்டடத்தின் நிழலுக்குள் மறைந்தது. அவ்வளவுதான். வட்டமில்லை, வில். ஆற்றைக் காவல் காத்த கொத்தளத்திலிருந்து பார்த்தால் ஆறே தெரியவில்லை. கரையை நிரப்பி நிரப்பி ஆற்றைத் தள்ளிவிட்டார்கள். போடிலும் இப்போது தெருக்களுக்கு அடியில்தான் ஓடுகிறது.

திரும்பி வரும்போது அவர் சொன்ன கணக்கு எளிது. பார்த்து அளந்ததற்கு முழுக் கோடு. இருந்திருக்கும் என்று ஊகிப்பதற்கு விட்டு விட்டு வரும் டாஷ் கோடு. இரண்டும் படத்தின் ஒரே லேயரில், அதாவது ஒரே அடுக்கில், இருக்கக் கூடாது. என் வட்டத்தை நம்பி ஒருவன் வட்டத்துக்கு வெளியே தைரியமாக எந்திரத்தை இறக்கலாம். கல் அங்கேயே இருந்தால்? ஒரு நொடியில் போட்ட வட்டம். லைன்டைப், அதாவது கோட்டின் வகை, என்பது படம் பளிச்சென்று தெரிவதற்கான சமாச்சாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கல்லூரியில் அப்படித்தான் மதிப்பெண் போட்டார்கள்.

அன்று சாயங்காலமே வட்டத்தை வெட்டினேன். அகழ்வில் அளந்த வில் மட்டும் தடித்த கோட்டில் நின்றது; மீதி டாஷ். மதிலும் அந்தப் பக்கம் முழுக்க டாஷ் ஆகிவிட்டது. திருத்திய படம் என்பதற்கு 'ரெவ் பி' என்று போட்டு அனுப்பினேன். பார்க்க முதல் படம்தான் அழகாக இருந்தது, இன்னும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.