பூந்தியின் வலிப்பும் எங்கள் வீட்டுக் கடிகாரமும்

நாய்கள் காப்பகத்திலிருந்து பூந்தியைத் தத்தெடுத்து வந்த 11ஆம் நாள் விடியற்காலை 4:40 மணிக்கு, எவர்சில்வர் தண்ணீர்க் கிண்ணம் தரையில் உருண்ட ஓசை கேட்டு விழித்தேன். விளக்கைப் போட்டபோது அவள் பக்கவாட்டில் சரிந்து கிடந்தாள். நான்கு கால்களும் நீந்துவதுபோல் காற்றைத் துழாவின, தாடை படபடவென்று அடித்துக்கொண்டது, வாயோரம் நுரை திரண்டிருந்தது, அடியில் சிறுநீர் பரவியிருந்தது. அம்மா, மனிதர்களுக்குச் செய்யும் பழக்கத்தில், சாவிக்கொத்தை எடுத்து வந்து அவளது பாதத்தில் அழுத்தினார். நாக்கைக் கடித்துக்கொள்வாளோ என்ற பயத்தில் நான் வாய்க்குள் விரலை விடப் போனேன். நல்லவேளையாக விடவில்லை.

பத்து நிமிடம் நீடித்ததாக அப்போது தோன்றியது. உண்மையில் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது என்பது அடுத்த வலிப்பைக் கைப்பேசியில் படமெடுத்த பிறகே புரிந்தது. வலிப்பைவிட அதன் பின் வந்த அரை மணி நேரம்தான் என்னை அதிகம் கலங்க வைத்தது. எழுந்தவளுக்குக் கண் தெரியவில்லை. சுவரில் முட்டினாள், எரிவாயு உருளைக்கும் அலமாரிக்கும் இடையே சிக்கிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் நின்றாள், பெயர் சொல்லி நெருங்கிய என்னைப் பார்த்து உறுமினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் நேராக வந்து, வைத்த சோற்றையெல்லாம் தின்று தீர்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் 'வெறி பிடித்திருக்கும்' என்றார். அந்தச் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன்; தெருவில் பிறந்த நாய் என்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காப்பகம் கொடுத்த அட்டையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதிகள் இருந்தன. அதே அட்டையில் வலிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, 'ஒரு தடவை வெயிலில் மயங்கி விழுந்தது' என்று தயக்கத்துடன் சொன்னார்கள். அதை முன்பே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கால்நடை மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. உட்கார்ந்திருக்கும்போது தசை துடிக்கிறதா, மூக்கில் சளி வடிகிறதா, பாதம் தடித்திருக்கிறதா என்று விசாரித்தார். தடுப்பூசி போடாத நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் மூளையைத் தொட்டால் இப்படி வலிப்பு வருமாம். உண்ணிக் காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் சோதனைகள் நடந்தன. எதிலும் குறை தெரியவில்லை. ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில், இடைப்பட்ட நாட்களில் முழு நலத்துடன் இருக்கும் நாய்க்கு வலிப்பு தொடங்கினால், அது பெரும்பாலும் காரணம் புலப்படாத வலிப்பு நோயாகவே இருக்கும் என்றார். பூந்திக்கு இரண்டு வயது இருக்கும். மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனை அதனால் ஒத்திவைத்தோம்.

அன்று அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏறக்குறைய ஒன்றும் செய்யாமல் இருப்பதைத்தான். நாய் தன் நாக்கை விழுங்காது, ஆனால் நம் விரலைக் கடித்துக் குதறிவிடும். ஆகவே தலை அடிபடாமல் மேசை நாற்காலியை நகர்த்த வேண்டும், விளக்கையும் ஓசையையும் குறைக்க வேண்டும், மின்விசிறியை ஓடவிட வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ அது அவசரநிலை. அப்போது ஆசனவாய் வழியாகச் செலுத்துவதற்கென்று, வலிப்பை அடக்கும் டயசிபாம் மருந்தை எழுதித் தந்தார். அதை முன்கூட்டியே பிளாஸ்டிக் ஊசிக்குழலில் உறிஞ்சி வைத்தால் குழலே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், குப்பியும் குழலும் ஒரு பையில் தனித்தனியே இருக்கின்றன.

19ஆம் நாள் இரண்டாவது வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் வலிப்பு வராமல் தடுக்க அன்றாடம் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் மருந்து தொடங்கியது. 14 கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் மாத்திரை, காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும். மனிதர்களுக்கான மருந்துக் கடையில்தான் கிடைக்கும். சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், தரவும் கூடாது. முதல் இரண்டு வாரம் அவள் பின்னங்கால்கள் தள்ளாட, குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து, கூடத்திலேயே சிறுநீர் கழித்து, எப்போதும் பசியோடு தட்டைச் சுற்றினாள். மருந்து உடலில் நிலைப்பட அவ்வளவு நாளாகும் என்று முன்பே சொல்லியிருக்காவிட்டால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்தியிருப்பேன். திடீரென நிறுத்துவதே பெரும் வலிப்பை இழுத்துவிடும்.

எதிர்பாராத தலைவலி உண்ணி மருந்தில் வந்தது. மாதம் ஒரு மாத்திரை கொடுத்தால் உண்ணி அண்டாது என்று எல்லோரும் பரிந்துரைக்கும் ஐசாக்சசோலின் வகை மருந்துகள் சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. மருத்துவர் அதைத் தவிர்க்கச் சொன்னதால், தினமும் மாலையில் அம்மா பூந்தியை மடியில் போட்டுக்கொண்டு, காதின் உள்மடிப்பிலும் கால்விரல் இடுக்குகளிலும் விரலால் தடவித் தேடி, பிடித்த உண்ணிகளைச் சோப்புத் தண்ணீரில் போடுகிறார்.

நாயைத் திரும்பக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேசாமல் இல்லை. ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும், வெளியூர்த் திருமணங்களுக்குச் சேர்ந்து போக முடியாது, ஆயுள் முழுவதும் மருந்துச் செலவு. காப்பகமும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஆனால் அங்கே அத்தனை நாய்களுக்கு நடுவே யார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் மாத்திரை கொடுப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காததால் அந்தப் பேச்சு தானாக நின்றது.

மூன்றாவது வலிப்புக்குப் பின் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து, வேளைக்கு 45 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். நாட்காட்டியில் வலிப்பு வந்த நாளைச் சிவப்பு மையில் குறித்து, நேரத்தையும் நீடித்த வினாடிகளையும் பக்கத்தில் எழுதுகிறோம். கடைசிச் சிவப்புக் குறிக்குப் பின் 71 நாட்கள் ஆகின்றன. மாத்திரையை இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுக்கிறேன். இரவு ஏழு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பூந்தி சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.