ஆரோடை சாப்பிடுறனீங்கள்?

வன்னியில் முதியோரைப் பார்க்கப் போகும் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள் வழக்கமாகப் பேசுவது உப்பு, சீனி, நடை பற்றித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்புச் சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தேவையான அறிவுரைதான், நானும் சொல்கிறேன். ஆனால் அதை அவர்கள் கடைப்பிடிப்பதும் விடுவதும் வேறொன்றில் தங்கியிருக்கிறது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் ஆச்சி இருக்கிறார். பிறசரும் சலரோகமும் உண்டு. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். குளிசை ஒருநாளும் தவறாது. பிள்ளைகள் வெளிநாட்டில், காசுக்குக் குறைவில்லை. வளவில் முருங்கை தழைத்து நிற்கிறது. ஆனாலும் மத்தியானம் சோறும் பொரித்த கருவாடும், இரவில் பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும்.

"எனக்கு ஒருத்திக்கு என்னத்துக்குப் பிள்ளை கறி காய்ச்சுறது?" என்றார்.

முருங்கையிலையின் பலன் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதே ஒழுங்கையில் ஓர் ஐயா. கையில் காசு புழங்குவது குறைவு. விடிய எழும்பி மாடுகளை அவிழ்த்துக்கொண்டு குளக்கட்டு வரை நடப்பார், வந்து கத்தரிக்குத் தண்ணீர் விடுவார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் எல்லாருமாக இருந்து குரக்கன் புட்டுச் சாப்பிடுவார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை மட்டும் விடமாட்டார். வாய்ப்புற்றுநோயை நினைத்து நானும் விடாமல் சண்டை பிடிக்கிறேன்.

அதனால் இப்போது நோய், குளிசை பற்றிக் கேட்டு முடிந்ததும் "ஆரோடை சாப்பிடுறனீங்கள்?" என்றும் கேட்கிறேன். 2009இல் போரில் துணையையும் பிள்ளைகளையும் இழந்தவர்கள் நிறைந்த மண்ணில் இது லேசான கேள்வியல்ல. சிலர் அழுதுவிடுவார்கள். சரி, அழட்டும் என்று பக்கத்தில் இருப்பேன். அந்தப் பதில் தெரியாமல் சாப்பாட்டைப் பற்றி என்ன சொன்னாலும் அது வீட்டுப் படலையைத் தாண்டிப் போகாது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கிராமங்களில் முதியோர் சங்கங்கள் அமைந்தன. கொடுப்பனவுக்கும் ஒக்டோபர் 1 முதியோர் தின விழாவுக்கும் மட்டும் அவை கூடுவது போதாது. எங்கள் சங்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் இலைக்கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி சங்கக் காசில், இலை அவரவர் வளவிலிருந்து. உப்புப் போதாது என்று முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது பேசாமல் குடிக்கிறார்கள். நடக்கமாட்டாதவர்களைக் கூட்டிவர ஓட்டோ ஒழுங்கு செய்வதுதான் மிச்சமாக இருக்கிறது. அதற்குத்தான் இப்போது அலைகிறேன்.