ஈஎல்84 ஆம்பில் மிருதங்கத் தொப்பி கேட்டுவிட்டது

கடைசியில் பாஸ், அதாவது அடித்தாழ்ந்த ஒலி, வந்துவிட்டது! டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஓடும், சேனலுக்கு ஒரே ஒரு ஈஎல்84 வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட ஆம்ப் குரலையும் வயலினையும் அத்தனை அழகாகக் கொடுக்கும். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம்) மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலவே இருந்தது.

பாஸ் குறைந்தால் எல்லாரும் முதலில் கை வைப்பது, ஒலியை வால்வின் கிரிட்டுக்கு (உள்ளீட்டு முனைக்கு) அனுப்பும் கப்ளிங் கெபாசிட்டரில்தான். என் ஆம்பில் அது 0.1 மைக்ரோ ஃபேரட், கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம். அந்த இரண்டும் சேர்ந்து 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலியைக் குறைக்கும், அங்கே பெரிதாக்க ஒன்றுமில்லை.

விஷயம் கேத்தோடு (வால்வின் மின்னோட்டம் கிளம்பும் முனை) கெபாசிட்டரில் இருந்தது. 135 ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 25 மைக்ரோ ஃபேரட். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் 47 ஹெர்ட்ஸ் வரும், சரி, போதுமே என்று தோன்றும். ஆனால் வால்வும் அந்த இடத்தில் ஒரு தடையாக இணைந்து நிற்கிறது. ஈஎல்84-இன் கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் மின்னோட்டம் 11.3 மில்லி ஆம்பியர் மாறும்; அதைத் தலைகீழாக்கினால் 88 ஓம். 135-உம் 88-உம் இணையாக நின்றால் 53 ஓம்தான் மிஞ்சும். இப்போது கணக்கு 120 ஹெர்ட்ஸ்! அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்து, அடியில் ஐந்தில் இரண்டு பங்கில் போய் நிற்கிறது. என் ஆம்பில் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிச் சரிசெய்யும் முறை) இல்லாததால் அந்த இழப்பு முழுசாகக் காதுக்கு வருகிறது. பழைய வரைபடங்களில் இந்த 25 மைக்ரோ அப்படியே தொடர்வதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இன்றைக்கு 470 மைக்ரோ, 25 வோல்ட் கெபாசிட்டர் கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதைப் போட்டால் 6 ஹெர்ட்ஸ்.

வாங்கும்போது புதுச் சரக்காகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் கடையில் எனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று உள்ளே காய்ந்து போயிருந்தது, மீட்டரில் பாதி அளவுகூடக் காட்டவில்லை. அதனால் இடது சேனல் மட்டும்தான் முடிந்திருக்கிறது. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான்: மோனோவில் போட்டு இடது வலது என்று மாற்றி மாற்றிக் கேட்கலாம். டர்பனுக்குப் பக்கத்து பீனிக்ஸிலிருந்து வந்திருந்த நண்பர் கோயில் கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசிப்பவர். இடது பக்கம் திருப்பியதுமே, "இப்பதாண்ணா கும்கி வழுக்கிட்டுப் போறது கேக்குது" என்றார். தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும்போது வரும் ஒலிதான் கும்கி.

அடுத்தது, வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றை வால்வு ஆம்ப் என்பதால் அதன் வழியே நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்; அதற்காகக் கோரில் (இரும்பு மையத்தில்) காற்று இடைவெளி விட்டே ஆக வேண்டும், அதனால் பாஸைத் தாங்கும் இண்டக்டன்ஸ் குறையும். என்னுடையது சுமார் 10 ஹென்றி, 5.2 கிலோ ஓம் லோடுக்கு அது 70 ஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கும். 20 ஹென்றி கிடைத்தால் பாதியாகக் குறைக்கலாம். அவ்வளவு இரும்பை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கூரியரில் வரவழைக்கும் செலவுக்கு, கோர் மட்டும் வாங்கி நானே சுற்றலாமா என்று பார்க்கிறேன். அதற்குள் வலது சேனலுக்கு ஒரு நல்ல 470 மைக்ரோ கிடைக்க வேண்டும்.