என் பிள்ளையை அழைத்து வர நான்கு முறை மலை இறங்கினேன்

நேற்று மாலைதான் மகனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவன் தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்த மேசையும் அதன் மேல் வைத்து நீட்டிய காகிதமும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

கைப்பேசிக்காக நான் திட்டியதில் கோபித்துக்கொண்டு, ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஏற்காட்டில் பஸ் ஏறிச் சேலம் ஜங்ஷனுக்குப் போய்விட்டான். தனியாக உட்கார்ந்திருந்தவனை ரயில்வே போலீசார் பார்த்துக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த, குழு அவனை ஓர் இல்லத்தில் சேர்த்தது. 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அது சரியாகவே நடந்தது. அவனைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த இல்லத்தின் அலுவலக அறை! ஆதாரையும் குடும்ப அட்டையையும் காட்டினேன். "பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பையனைப் பார்க்க முடியாது" என்றார் எழுத்தர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்து, பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, மறுநாள் கொண்டுபோனேன். அதில் குழந்தையின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. பிரசவத்துக்குப் பின் வாங்கியதோடு சரி. பெயர் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. "இது யார் குழந்தையுடையதாகவும் இருக்கலாம்" என்று தள்ளிவிட்டார். பன்னிரண்டு வருடம் வளர்த்தவளிடம் சொல்லும் சொல்லா அது? உங்கள் பிள்ளைகளின் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பிறந்து 15 ஆண்டுகளுக்குள் பெயர் சேர்த்துவிடலாம்.

மூன்றாம் முறை போனபோது அவர் குரல் இனித்தது. "ஏம்மா, காபித் தோட்டத்துக் கூலியில் எப்படிப் படிக்க வைப்பீர்கள்? இங்கேயே இருக்கட்டும், இதில் கையெழுத்துப் போடுங்கள்." வாங்கிப் படித்தேன். வளர்க்க வசதியில்லாததால் பையனை இல்லத்திலேயே விடச் சம்மதிக்கிறேனாம். கை நடுங்கியது. "அண்ணனைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்துவிட்டேன். எனக்கு அண்ணன் கிடையாது. அந்தப் பொய் மட்டும் வாயில் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அங்கிருந்து நேராக அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போய், சட்டப் பணிகள் ஆணைக்குழுவைத் தேடிப் பிடித்தேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். அங்கே ஒரு வக்கீலம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிள்ளையை அனுப்புவதா, வைத்திருப்பதா என்பது குழுவின் உத்தரவு, எழுத்தரின் விருப்பமல்ல என்றார். வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லம் கடைசி வழி என்று 2015 இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறதாம். பெற்றவர்களே பிள்ளையை ஒப்படைத்தாலும்கூட மறுபரிசீலனைக்கு இரண்டு மாதம் உண்டாம். வயதுக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 94ஆம் பிரிவில் பள்ளிச் சான்றுதான் முதலில் வருகிறது! அது மூன்று நாளும் என் பையிலேயே இருந்தது.

அவரே குழுவுக்கு மனு எழுதித் தந்தார்: பையனைப் பார்க்க வேண்டும், உத்தரவின் நகல் வேண்டும், என்னிடம் ஒப்படைக்க வேண்டும். நகலை விடாமல் கேட்டு வாங்குங்கள். உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனுவின் இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே மகனைப் பார்த்தேன். "அம்மா, திட்ட மாட்டாய்தானே?" என்று கேட்டான்.

விசாரணைக்கு வீட்டுக்கு வந்த அலுவலரிடம் திட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். அக்கம்பக்கத்திலும் கேட்டுவிட்டுப் போனார்.

நான்காம் முறை குழுவின் முன். பையனைத் தனியாகக் கேட்டார்கள், பிறகு என்னை. அரை மணி நேரத்தில் உத்தரவு.

அந்தச் சம்மதக் காகிதத்தைப் பற்றியும் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரட்டும். நாளை மறுபடி மலை இறங்க வேண்டும், சான்றிதழில் அவன் பெயரைச் சேர்க்க. இந்த முறை அவனும் வருகிறான்.