கடற்கரையில் ஒரு காதல் நாவல்: இதுவரை எழுதியதில் கைகொடுத்ததும் கழித்துப் போட்டதும்

உவரிக்கும் இடிந்தகரைக்கும் நடுவில், நான் இன்னும் பெயர் வைக்காத ஒரு சின்ன மீன்பிடி ஊர். அங்கே சின்ன வயதிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்த இரண்டு பேர் கடைசியில் காதலிக்கிறார்கள், கதை அவ்வளவுதான். சிரிக்கச் சிரிக்க இருக்க வேண்டும், யாரும் சாகக் கூடாது, புயல் வரக் கூடாது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டேன், ஏனென்றால் கடலோரக் கதை என்றாலே யாரையாவது கடலில் தொலைத்துவிட்டுக் கரையில் அழவிடுகிறார்கள். இப்போது பாதியைத் தாண்டியாயிற்று.

இந்த மாதிரி கதைகளில் வழக்கமாக வருகிற முடிச்சு "மனசில் இருப்பதைச் சொன்னால் நட்பு கெட்டுவிடுமோ" என்கிற பயம். எங்கள் அம்மா ஊரில் அது செல்லாது. அங்கே முதல் கேள்வியே இவன் இவளுக்கு என்ன வேணும் என்பதுதான், வெறும் நண்பன் என்று ஒரு உறவே கிடையாது. முறை இருந்தால் பத்து வயதிலேயே "மாப்பிள்ளை வாராம் பாரு" என்று கேலி பண்ணிப் பாதிக் கல்யாணத்தை ஊரே முடித்துவைத்திருக்கும், அப்புறம் காதல் வந்தது என்று இருநூற்றைம்பது பக்கம் எழுத என்ன இருக்கிறது? அண்ணன் தங்கை முறை என்றால் கதையே இல்லை.

அதனால் இரண்டையும் வைத்தேன். என் நாயகன் அந்தோணி, நாயகி கித்தேரி. அந்தோணியின் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் கித்தேரியின் அம்மாவைப் பெற்ற ஆச்சியும் கூடப்பிறந்த அக்கா தங்கை. அந்த வழியில் அவன் அப்பாவும் அவள் அம்மாவும் அண்ணன் தங்கை ஆகிறார்கள், இவர்கள் கட்டிக்கொள்ளும் முறை. ஆனால் அந்தோணியின் சித்தியைக் கட்டியிருப்பவர் கித்தேரியின் சித்தப்பா. அந்த வழியில் அவள் அப்பா இவனுக்குப் பெரியப்பா, இவர்கள் அண்ணன் தங்கை. எந்த வழியாக எண்ணுவது என்று ஊர் இருபது வருஷமாக முடிவுக்கு வரவில்லை, அந்தக் குழப்பத்தின் தயவில்தான் இரண்டு பேரும் யாருடைய கேலியும் இல்லாமல் சேர்ந்து வளர்ந்தார்கள். இதைக் கண்டுபிடித்த அன்றுதான் நாவல் நகர ஆரம்பித்தது. இப்போது பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஒருவர் மணலில் விரலால் கோடு போட்டு உறவு எண்ணிக்கொண்டிருக்கிறார், அதுவே பாதிச் சிரிப்பு.

அடுத்து, இவர்கள் எங்கே பேசிக்கொள்வது? நகரத்துக் கதையென்றால் காபிக் கடையில் உட்கார வைத்துவிடலாம். இங்கே ஆணும் பெண்ணும் ஊர் முன்னால் தினமும் சத்தமாகப் பேசினாலும் யாரும் ஏன் என்று கேட்காத ஒரே இடம் கரையில் நடக்கிற மீன் ஏலம். அவன் வள்ளத்தில், அதாவது சின்ன நாட்டுப்படகில், போய்விட்டு விடியலில் மீனோடு வருகிறான், அவள் ஏலம் எடுத்துத் திசையன்விளைக்குக் கொண்டுபோய் விற்கிறாள். நேற்றைக்குக் கூறு போட்டதில் நெத்திலி நசுங்கியிருந்தது, போன வாரம் ஐஸ் போதவில்லை என்று தினம் ஒரு வழக்கு. விலையை ஏற்றுவது அவன் பிழைப்பு, இறக்குவது அவள் பிழைப்பு.

அவளுக்கு மனசு மாறியது தெரிகிற காட்சியையும் அங்கேயே வைத்தேன். ஒரு கூடை சாளைக்கு அவள் ஒரு விலை கேட்கிறாள், வேறு யாரும் கேட்கவில்லை, ஏலம் முடிகிற நேரத்தில் தான் கேட்ட விலைக்கு மேலே தானே நூறு ரூபாய் கூட்டிக் கேட்டுவிடுகிறாள். ஏலம் விடுகிறவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். கரையில் இருக்கிற அத்தனை பேருக்கும் விளங்கிவிடுகிறது, அந்தோணிக்கு மட்டும் விளங்கவில்லை, நூறு ரூபாய் கூடுதலாக வந்த சந்தோஷத்தில் டீசல் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறான். எழுதியதில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான்.

நிலா வெளிச்சத்தில் வள்ளத்தில் இரண்டு பேரும் என்று ஒரு அத்தியாயம் இருந்தது. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏல மருமவனே, நல்ல நிலாவுல மீனு வலையைக் கண்டு விலகிப் போயிரும்ல, அன்னைக்குன்னு எவன் மெனக்கெட்டு வலை விடுவான்?" என்றார், தொழிலைப் பற்றித்தான் கேட்டாரே தவிர காதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தியாயம் போய்விட்டது.

காலத்தையும் அவரிடம் கேட்டுத்தான் ஒழுங்கு பண்ணினேன். தடைக்காலம் என்றால் கடற்கரையே சும்மா கிடக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், வள்ளத்துக்கு இல்லை. விசைப்படகு மீன் வராததால் சந்தையில் வள்ளத்து மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அந்த மாதங்களில் அந்தோணிக்குக் காதலிக்க நேரமே இருக்காது. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடித்துக் கடல் மோசமாகும்போதுதான் வேலையில்லாமல் கரையில் கிடப்பான், கிழிந்த வலையைச் சரிபண்ணுவான், சீட்டு விளையாடுவான். தினமும் சண்டை போட்டவளைப் பார்க்கக் காரணம் இல்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. எனவே அவன் பக்கத்துக் காதல் கச்சானில் ஆரம்பிக்கிறது.

மைனி (அண்ணி) மட்டும்தான் முழுசாக வாசித்த ஆள். போனில் தொடர்கதை வாசிப்பதில் எங்கள் வீட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை. "எல்லாம் சரி தம்பி, இவங்க ரெண்டு பேரும் எப்பதான் பக்கத்துல பக்கத்துல உக்காருவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திசையன்விளைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் நடுவில் மீன் கூடையும் ஒரு வாழைத்தாரும் அவள் சித்தப்பாவுமாக உட்கார வைத்திருக்கிறேன். இதற்கு மேல் நெருக்கம் அந்த ஊரில் கிடைக்காது. மைனிக்குத் திருப்தி இல்லை.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஓலை வாசிக்கிற அத்தியாயம். கல்யாணம் பேசினால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று வாரம் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். கோயிலுக்கு ரத்த உறவுதான் கணக்கு, சித்தியைக் கட்டிய சித்தப்பா அதில் வரமாட்டார். 1983 திருச்சபைச் சட்டப்படி நேர் மாமன் மகள், அத்தை மகன் என்றால்தான் விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, வாங்க வேண்டும், இவர்கள் அதற்கும் ஒரு தலைமுறை தள்ளி, ஆகவே தடையே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இருந்த 1917 சட்டத்தில் இந்தத் தலைமுறை உறவுக்கும் விலக்கு வேண்டும். அந்தோணியின் ஆச்சி அந்தக் காலத்தில் அப்படி எழுதி வாங்கிக் கட்டியவள். முதல் ஓலை வாசித்த அன்றே மேற்றிராணியார் (ஆயர்) காகிதம் எங்கே என்று ஃபாதரைப் பிடித்துக்கொள்கிறாள், சட்டம் மாறிவிட்டது என்று அவர் சொன்னதும் அதை யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று அடுத்த கேள்வி. கல்யாணத்தை அவள் எதிர்க்கவில்லை. தான் பட்ட அலைச்சலை இவர்களும் படவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

ஆச்சி பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை, அத்தியாயம் ஏற்கெனவே நீண்டுவிட்டது. இரண்டாவது ஓலைக்கு அவளை எங்கேயாவது வெளியூர் அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உவரி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு அனுப்பலாம் என்று மைனி சொல்கிறார், ஆனால் அது தை மாதத்தை ஒட்டி வருகிறது, கல்யாணத்தை அதுவரைக்கும் தள்ள வேண்டியிருக்கும்.