கோத்தகிரி ஈரத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் கம்பேனியன்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றால் ஐம்பது வயது தாண்டிய பலருக்குத் தெரியும். அதே வண்டியின் ஸ்டேஷன் வேகன் வடிவம் கம்பேனியன். அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. நான்கு கதவு, பின்னால் அகலமாக ஒரு டிக்கிக் கதவு, உள்ளே சாமான் ஏற்றத் தாராளமான இடம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த கார் இது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. அங்கே 1959இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. 1961இல் இங்கே தயாரிப்பு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்கள் எல்லாமே உள்நாட்டில் ஆகின. தமிழ்நாட்டில் பிறந்த ஒரு ஸ்டேஷன் வேகன் தமிழ்நாட்டிலேயே துருப்பிடித்து எடைக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வாங்கினேன்.

வண்டி கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஷெட்டில், தார்ப்பாய் போட்டு மூடி, வருஷக்கணக்கில் நின்றது. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் என்ஜின் சுற்றியது. பாடிதான் போயிருந்தது. "மலையில நின்ன வண்டி, கடல்காத்து படல, துரு இருக்காது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் கடற்கரையில் உப்புக்காற்று செய்கிற வேலையை இங்கே ஈரம் செய்கிறது. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனையும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வரும். நடுவில் மூட்டம். இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டதும் அது வேர்க்கும். தகரக் கூரையின் அடியிலிருந்தே சொட்டும். மேலே தார்ப்பாய், கீழே மண் தரை என்றால் அந்த ஈரம் எங்கே போகும்? என் வண்டி பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் துருப்பிடித்திருந்தது. எனவே துருவை எடுப்பது பாதி வேலைதான், தண்ணீர் எங்கே தங்கியது என்று கண்டுபிடித்து அதற்கு வழி விடுவது மறு பாதி என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதல் செலவு காருக்கு இல்லை, ஷெட்டுக்கு. தரையில் தடிமனான பாலிதீன் விரித்து அதன் மேல் கான்கிரீட் போட்டேன். கூரைத் தகரத்துக்கு அடியில் ஒரு அடுக்கு தெர்மாகோல். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ்வாக ஒன்று உயரமாக, வலை அடித்த ஜன்னல். தார்ப்பாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய காட்டன் பெட்ஷீட்டால் மூடினேன். தூசி படியும்தான், ஆனால் ஈரம் வெளியேறிவிடும்.

ஹெரால்டு வகை வண்டியை வீட்டில் வைத்துச் செய்ய முடிவதற்குக் காரணம் அதன் கட்டுமானம். அந்தக் காலத்திலேயே பல கார்கள் பாடியும் சேஸும் ஒன்றான மோனோகாக் ஆகிவிட்டன. இது தனி சேஸ். பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது. பானட்டும் முன் மட்காடுகளும் ஒரே துண்டு. பூட்டை விடுவித்தால் முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு எடையைத் தாங்குவதில்லை, அது ஓட்டையாக இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அவுட்ரிக்கர்களைப் பார்த்து. சேஸின் நடு பீம்களிலிருந்து இரண்டு பக்கமும் நீண்டு பாடியைத் தாங்குகிற பெட்டிகள் அவை. சக்கரம் வாரியடிக்கும் சேறு அதற்குள் புகுந்து காயாமல் கிடக்கும்.

கண்ணால் பார்த்தால் எதுவும் தெரியாது. சின்னச் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு 'டங்' என்னும், போனது 'தப்' என்னும். 'தப்' என்ற இடமெல்லாம் சாக்பீஸ் வட்டம் போட்டு, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். இடது முன் அவுட்ரிக்கரில் ஸ்க்ரூடிரைவர் பிடி வரை இறங்கியது. அடியில் ஒரு விரல் விட்டேன். ஈர மண்ணும், தேயிலைச் சருகும், துருச் செதிலும் கலந்த கறுப்புக் களி வந்தது. அந்தப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டையை எப்போதோ யாரோ தார் பூசி அடைத்திருந்தார்கள். துரு வராமல் இருக்கத்தான் பூசியிருப்பார்கள், பாவம்.

டிங்கரிங் வேலைக்குக் குன்னூரிலிருந்து ஒரு பாய் வந்தார். அறுபது வயதுக்கு மேல். ஹெரால்டில் கை வைத்த அனுபவம் உள்ளவர். வட்டங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவையும் வெட்டணுமா? பட்டி போட்டு ஏத்திட்டா வருஷம் ஓடிரும்" என்றார்.

"வருஷம் போதாது பாய். என் பையன் ஓட்டணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அப்ப கதவைக் கழட்டாதே. கதவு மாட்டியிருக்கும்போதே வெல்டு பண்ணணும். இல்லேன்னா கடைசியில சாத்தாது" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு நான் கடன்பட்டவன். பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம்தான். ஆனால் தகடு அழுகிய நிலையில் தூக்கினால் அது தன் எடையிலேயே வளையும். நாங்கள் தூக்கவில்லை. ஒரு அவுட்ரிக்கரை வெட்டி, புதிதைப் பொருத்தி, கதவை மூடித் திறந்து இடைவெளி சரியா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டோம். நாலையும் ஒரே நேரத்தில் வெட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் எந்த அளவை நம்பி மறுபடி வைப்பது?

வெல்டிங்கைத் தொடும் முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வைத்துவிட்டோம். தகடு வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஷீட் கேட்டால் துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அதை வெல்டு செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும், பற்றவைப்பும் நன்றாக நிற்காது. பூச்சு இல்லாத சிஆர் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். அவுட்ரிக்கருக்கு 16 கேஜ், தரைக்கும் ரன்னிங் போர்டுக்கும் 20 கேஜ் போட்டோம். தரைத் தகட்டுக்கு கேஸ் வெல்டிங் வேண்டாம் என்று கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். கேஸ் சூட்டில் மெல்லிய தகடு அலையலையாக நெளியும். மிக்கிலும் நீளமாக ஓட்டக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, அதற்கு எதிர் மூலையில் ஒரு புள்ளி, கை வைத்துப் பார்த்து ஆறினால் அடுத்தது. தகடு தகட்டின் மேல் ஏறும் இடங்களில் வெல்டிங்குக்கென்றே உள்ள ஜிங்க் பிரைமர் அடித்துவிட்டுப் பற்றவைத்தோம். அந்த இடுக்குக்குள் பிறகு பிரஷ் போகாது.

புதிய பெட்டி ஒவ்வொன்றிலும், இருப்பதிலேயே தாழ்வான மூலையில், சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை. கதவுகளின் அடி விளிம்பிலும் அடைந்துகிடந்த ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்தேன். கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவதைத் தடுக்கவே முடியாது. இறங்கியது வெளியே போனால் போதும்.

சின்னச் சின்னப் பாகங்களுக்கு எலக்ட்ராலிசிஸ் முறை அருமையாக வேலை செய்தது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, ஒரு பழைய இரும்புத் தகடு, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் நெகட்டிவ் பக்கம். எதிர்த் தகடாக எவர்சில்வரைப் போடவே கூடாது. அதிலிருந்து வரும் குரோமியம் நஞ்சு. ஹைட்ரஜன் வாயு வெளியேறும், ஆகவே திறந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். காலையில் எடுத்தால் கறுப்பு மாவாகத் துரு உதிர்ந்து, நல்ல இரும்பு அப்படியே நிற்கும்.

முன் சக்கரத்தில் இருக்கும் ட்ரனியனைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். உயிர் போகும் விஷயம் இது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடி முனையில் மரை இருக்கும். அது பித்தளை நிறத்தில் உள்ள ஒரு கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது இபி 90 என்ற கியர் எண்ணெய், கிரீஸ் இல்லை. நிப்பிள் இருப்பதைப் பார்த்ததும் சர்வீஸ் பையன்கள் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடி வரை போகாமல் இறுகும், தண்ணீர் தங்கும், மரை அரித்துப்போய் ஒரு நாள் சக்கரம் மடங்கி விழும். கொண்டை ஊசி வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இரண்டு பக்கமும் கழற்றி, உறைந்த கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தேன். இடது பக்க மரை அரித்திருந்தது. நல்லது ஒன்று சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை, வாங்கும்போது திருகிப் பார்த்து வாங்க வேண்டும். மற்ற புஷ், பின் எல்லாம் கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் மாதிரியைக் கொடுத்துக் கடைந்துகொண்டேன். பழைய போல்ட்டுகள் உக்கடம் இரும்புக் கடைகளில். இங்கிலாந்து அளவு மரை என்பதால் மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிக்கக் கூடாது.

பெயின்ட் விஷயத்தில் மலைக்குத் தனிச் சட்டம். ரெட் ஆக்சைடு அடித்தால் துரு வராது என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. ரெட் ஆக்சைடு பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை மட்டும் அடித்துவிட்டு ஒரு மழைக்காலம் வைத்தால் அடியில் மறுபடி துரு. நான் எபாக்ஸி பிரைமர் போட்டேன். மேல் கோட்டிங் என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். பழைய வண்டிக்கு அதன் மென்மையான பளபளப்புதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் காற்றில் ஈரம் கூடுதலாக இருக்கும்போது என்சி அடித்தால், தின்னர் ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் இறங்கி, பால் படிந்தது மாதிரி வெளுத்துப்போகும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில், வெயில் ஏறிய பிறகு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான் ஸ்ப்ரே. மூட்டம் எட்டிப் பார்த்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவோம். மெதுவாக உலர்கிற ரிடார்டர் தின்னரும் கைகொடுத்தது. நிறம் வெளிர் சாம்பல்; சீட்டுக்கு அடியில் மறைந்திருந்த பழைய பெயின்ட்டைப் பார்த்துக் கலந்தது.

பெயின்ட் காய்ந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளுக்குள் மெழுகு. பழைய என்ஜின் ஆயிலை அடிப்பது வழக்கம். அதில் எரிந்த பெட்ரோலின் அமிலம் இருக்கும் என்பதால் நான் அடிக்கவில்லை. கோத்தகிரியில் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது. அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, வெளியே கொண்டுபோய் டர்பன்டைனும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து, நீளக் குழாய் மாட்டிய கன்னால் அடித்தேன். அடித்து முடித்ததும் வடிகால் ஓட்டைகளை மறுபடி கம்பியால் குத்திவிட வேண்டும்.

என்ஜின் பெரிதாகச் சோதிக்கவில்லை. 948 சிசி, எளிமையான வேலைப்பாடு. வால்வு, கேஸ்கெட், வாட்டர் பம்ப், எல்லா வீல் சிலிண்டர்களும் புதிது. கார்ப்புரேட்டரில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைவு. சமவெளிக்கு ஏற்ற ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளை, இங்கே கரும்புகை தள்ளும். சின்ன ஜெட் போட்டால் இங்கே சுகமாக ஓடும், மேட்டுப்பாளையம் இறங்கினால் பெட்ரோல் போதாமல் சூடாகும். மாதம் ஒரு முறையாவது கீழே போகிறவன் என்பதால் நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டேன்.

காகித வேலையை பெயின்ட்டுக்கு முன்பே ஆரம்பித்தது நல்லதாயிற்று. சேஸ் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். அந்த இடத்தில் பட்டியோ கனத்த பெயின்ட்டோ இருந்தால் தகராறு. பழைய புத்தக ஆர்சி என்பதால் கம்ப்யூட்டரில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரிக்குத்தான் அதிக அலைச்சல். 50 வருஷம் தாண்டிய வண்டிகளை 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் விஏ என்று வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு தவிர சாலையில் எடுக்க முடியாது. நிறுத்திவைத்துத்தான் இந்த வண்டி கெட்டது. மறுபடி நிறுத்திவைக்க மனசில்லாமல் சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். 15 வருஷம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்த கட்டணம்தான் கட்டினேன்.

இப்போது சந்தைக்கும் தோட்டத்துக்கும் இதில்தான் போகிறோம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி. பெரிய கார்கள் பின்னால் எடுத்துத் திரும்பும் இடத்தில் ஒரே வீச்சில் வருகிறது. ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ முதல் கியருக்கு இல்லாததால் நின்றுதான் போட வேண்டும். இறக்கத்தில் எப்போதும் இரண்டாம் கியர், நான்கும் டிரம் பிரேக் என்பதை மறக்கவே கூடாது. பாக்கி இருப்பது டிக்கிக் கதவின் ரப்பர். அசல் அச்சு எங்கும் கிடைக்கவில்லை. வேறு வண்டி ரப்பரை வெட்டிப் போட்டிருக்கிறேன், வலது மூலையில் இன்னும் கசிகிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பின் தரை விரிப்பைத் தூக்கிக் கை வைத்துப் பார்க்கிறேன். ஜனவரி பிறந்து வெயில் வந்ததும் அந்த விளிம்பைப் பிரித்து, புதிய ரப்பருக்கு ஏற்றபடி மடித்துக் கட்ட பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.